வாசகர் கருத்தும் இலக்கிய வரலாறும்: சீவக சிந்தாமணியை முன்வைத்து

நூலைப் பற்றிய வாசகரின் கருத்து எப்போது இலக்கிய வரலாற்றுச் சான்றாகிறது? கருத்தின் ஆழத்தைவிடக் கருத்துரைத்தவரின் சமூகத் தகுதியே இதனைப் பெரிதும் தீர்மானிக்கிறது. சீவக சிந்தாமணி அச்சேறிய வரலாறு இதனைப் புலப்படுத்தும்.

1880 அக்டோபரில், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். தாம் பயின்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் ஆகியவற்றை வரிசையாகக் கூறினார். முதலியார் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. அவற்றிற்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா என வினவினார். பின்னர்ச் சிந்தாமணியின் கையெழுத்துப் பிரதியையும் அளித்தார். 1887இல் பதிப்பு வெளிவந்தது. ஒரு வாசகரின் கேள்வி பதிப்பு வரலாற்றின் திருப்புமுனையாயிற்று.

இதே வரலாற்றில் மற்றொரு வாசகர் குழுவும் உண்டு. நூலில் பயிலும் சமண சமயச் செய்திகள் விளங்காமையால் ஐயர் கும்பகோணத்துச் சமணர் இல்லத்தை நாடிச் சென்றார். அங்கே சிந்தாமணியை முறையாகப் படித்து நிறைவு செய்ததைக் கொண்டாடிக்கொண்டிருந்தனர். அறிஞருலகம் மறந்திருந்த நூல் ஒரு சமூகத்தின் வாழ்வில் இடையறாது வாசிக்கப்பட்டு வந்தது. நச்சினார்க்கினியரின் முதல் உரையைச் சமணர் ஏற்கவில்லை என்றும், அதனால் அவர் சமண நூல்களைக் கற்று மீண்டும் உரை எழுதினார் என்றும் வழங்கும் செவிவழிச் செய்தியும் இவ்வாசகரின் அதிகாரத்தையே சுட்டுகிறது.

முதலியாரின் கருத்து நூல்களைத் தொன்மையால் தரம் பிரித்தது. சமணரின் கருத்து பொருள் கூறும் மரபாக நின்றது. முன்னதை நாம் திருப்புமுனை என்கிறோம். பின்னதைப் பதிப்பாசிரியர் பெற்ற உதவி என்ற அளவில் சுருக்கிவிடுகிறோம். இதனால் சிற்றிலக்கியங்களை விரும்பிக் கற்றோரின் சுவையும் பின்தள்ளப்பட்டது.

இவ்விரு செய்திகளும் 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த 'என் சரித்திரம்' வழியே கிடைப்பவை. அறுபதாண்டு கடந்த நினைவுகள். எனவே எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ஆயினும் ஐயர் சமணரிடம் தாம் பட்ட கடனை மறைக்கவில்லை. அவர் விரிவாகச் சொன்னதைக் குறுக்கிப் படித்தவர்கள் நாமே.

இக்குறையை நீக்குதற்கு ஏற்ற களங்களுள் ஒன்று ஆரணி வட்டாரம். சம்புவராயர் தலைநகராக விளங்கிய படவேட்டை உள்ளிட்ட இந்நிலப்பகுதியில் திருமலை, பூண்டி முதலிய இடங்களில் சமணக் கோயில்கள் உள்ளன. தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கின்றனர். கல்வெட்டுகளைப் படியெடுப்பது போலவே, எந்நூலை யார் படித்தனர், யார் பொருள் கூறினர், கேட்டோர் எவ்விடத்தில் மறுத்தனர் என்பனவற்றையும் முதியோரிடம் கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். கல்வெட்டு காத்திருக்கும், முதியோரின் நினைவு காத்திராது.