தோட்டத்து நடைபாதைக்கு வைரம் பாய்ந்த மரம்

திருவனந்தபுரத்தில் மண்ணோடு ஒட்டிக் கிடக்கும் மரத்துக்கு ஆயுள் லேசில் கிடைப்பதில்லை. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம் என இரண்டு மழை. செம்மண்ணுக்குள் வருஷம் முழுக்கக் கரையான். ஆனாலும் தோட்டத்து நடைபாதைக்குப் பலகை தேடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தேக்கைக் கேட்கிறார்கள். முற்றிய தேக்கு அருமையான மரம்தான். ஆனால் இளந்தேக்கில் வெள்ளை அதிகம். வெளிவட்டமான அந்த வெள்ளையில் தங்கும் மாவுச்சத்துதான் கரையானுக்கும் பூஞ்சைக்கும் விருந்து. உள்வட்டமான வைரத்தில் மரம் தானே சேர்த்து வைத்த பிசினும் கசப்பும் காவல் நிற்கின்றன. ஆகவே, என்ன மரம் என்று கேட்பதற்கு முன் வைரம் எவ்வளவு என்று பாருங்கள்.

என் மனம் போவது இரண்டு மரங்களின் பக்கம். ஒன்று ஆஞ்சிலி, நாஞ்சில் நாட்டில் ஆயினி. குட்டநாட்டுச் சுண்டன் வள்ளங்கள் இந்த மரத்தில் செய்தவை; தண்ணீரோடு பழகிய ஜாதி. பழைய வீடு பிரித்த உத்தரம் கிடைத்தால் விடவே கூடாது. பல பத்தாண்டுகள் கூரைக்கடியில் காய்ந்தது இனி முறுக்காது. புகையேறிய கறுப்பை இழைப்புளியால் ஒரு தடவை சீவினால் உள்ளே பொன்மஞ்சளாக ரேகை ஓடும். நாள்பட அது தேன்பழுப்பாக இறங்கும். வாங்குமுன் சுத்தியலால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே போக வேண்டும். கணீரென்று வந்த சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் உள்ளே பொந்து.

மற்றது இருள். மேற்குத்தொடர்ச்சி மலையின் இந்தச் செம்பழுப்பு மரத்தை எண்ணெய் ஏற்றாமலே தண்டவாளத்துக்கு அடியில் போட்டார்கள். துளை போடாமல் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். அகல ரயில்பாதைக் கட்டை ஒன்று 2.75 மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம், 13 சென்டிமீட்டர் கனம். நீளத்தை மூன்றாக அறுத்துக் குறுக்கே போட்டால் ஒருவர் தாராளமாக நடக்கும் அகலம் வரும். 10 மீட்டர் பாதைக்கு 13 கட்டை போதும். ரயில்வே ஏலத்தில் வரும் கட்டை கறுத்து, தார் வாடை அடித்தால் அது கிரியோசோட் ஏற்றியது. குழந்தைகள் வெறுங்காலோடு ஓடும் இடத்துக்கும் கீரைப்பாத்தி ஓரத்துக்கும் அது ஆகாது.

பச்சை மரமென்றால் ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும். இடைக்கட்டை வைத்து அடுக்கி, வெட்டுமுனைகளில் மெழுகு பூசிவிட்டால் வெடிப்பு குறையும். அடிப்பக்கத்துக்கு முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் நல்லது. இந்தக் கரையில் வள்ளங்களுக்குப் பூசிப் பூசித் தேறிய எண்ணெய் அது. தோலில் பட்டால் புண்ணாக்கிவிடும். கையுறை இல்லாமல் தொடக்கூடாது, நடக்கும் பக்கத்தில் பூசவும் கூடாது. மேல்பக்கத்துக்கு வார்னிஷும் வேண்டாம். அது உள்ளே போன ஈரத்தை வெளியே விடாது. நடக்கும் திசைக்குக் குறுக்காக உளியால் மெல்லிய வரிகள் இழுத்துவிட்டால், பாசி படர்ந்த ஆடி மாதத்திலும் கால் பிடிக்கும். அடியில் ஒரு சாண் ஜல்லி, கட்டைக்குக் கட்டை ஒன்றரை சென்டிமீட்டர் இடைவெளி. தண்ணீர் வடிய வேண்டும். பாதி ஆயுள் அதில்தான் இருக்கிறது.

படங்களில் அழகாகத் தெரியும் வட்டத் துண்டுகளை மட்டும் நாடாதீர்கள். அவற்றின் முகம் முழுவதும் வெட்டுமுனை. மழையை உறிஞ்சும், வெயிலில் நடுவிலிருந்து பிளக்கும். அந்தப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஊரில் எங்கே பழைய வீடு பிரிக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.