இடுப்புக் குடமும் வீட்டுக் குழாயும்

தமிழ்த் திரைப்படத்தில் கிராமத்தைக் காட்ட இடுப்பில் குடத்தோடு நடந்துவரும் ஒரு பெண் போதும். நம் கவிதையும் இந்த வசதியை விட்டுக்கொடுத்ததில்லை. குடம் தளும்பும், இடை ஒசியும், கொலுசு கேட்கும். குடத்தின் எடையை எழுதியவர்கள்தான் குறைவு. பதினைந்து லிட்டர் பிடிக்கும் குடத்தில் தண்ணீர் மட்டுமே பதினைந்து கிலோ. சுமப்பவள் கர்ப்பிணியாக இருக்கலாம், பிள்ளை பெற்று ஒரு மாதம் ஆகாதவளாக இருக்கலாம், மாதவிலக்கின் இரண்டாம் நாளில் இருக்கலாம். படிமத்துக்கு இவை எதுவும் தெரியாது.

நாஞ்சில் நாட்டில் இருந்துகொண்டு இந்தப் படிமத்தை ரசிக்க இன்னொரு தடையும் உண்டு. திருவிதாங்கூர் ஆட்சியில் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்றிருந்த தடையையும், அதற்கெதிரான தோள்சீலைப் போராட்டத்தையும் நாம் அறிவோம். குடத்தை அவர்கள் இடுப்பில் வைத்துச் சுமக்கக் கூடாது என்பதும் அதே தடைகளில் ஒன்று. தலையில்தான் சுமக்க வேண்டும். 1859இல் மேலாடைக்கு அனுமதி கிடைத்தபோதுகூட, உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை கூடவே வந்தது. ஆக, கவிஞர்கள் அழகென்று பாடிய அந்த இடுப்புக் குடம் எங்கள் ஊரில் ஒரு காலத்தில் சாதியின் அடையாளம். தண்ணீர் எடுப்பது பெண்ணின் வேலை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. எந்தப் பெண் எப்படிச் சுமப்பது என்பதில்தான் சட்டம் தலையிட்டது.

தண்ணீரை மையமாக வைத்த நம் படைப்புகளையும் இந்தக் கேள்வியோடு திரும்பப் படிக்கலாம். கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ (1980 நாடகம், மறு ஆண்டு பாலசந்தரின் படம்) அரசை நோக்கிக் கோபப்படுகிறது, நியாயமான கோபம். ஆனால் அதில் தாகம் ஊருக்குப் பொதுவானது. வீட்டுக்குள் யார் குடத்தைத் தூக்குவது என்பது அங்கே சிக்கலே அல்ல. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவல் இன்னும் நெருங்கி வருகிறது. சென்னைத் தெருவொன்றில் தண்ணீர் வற்றியதும் ஜமுனாவும் சாயாவும் டீச்சரம்மாவும் வாளியோடு வெளியே இறங்க வேண்டியிருக்கிறது. குழாய் இருப்பதும் தண்ணீர் இருப்பதும் ஒன்றல்ல என்பதை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே சொன்ன நாவல் அது.

எனக்கு முக்கியமானது அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’. தண்ணீரைப் பற்றிய கதையாக அதை யாரும் வகுப்பில் நடத்துவதில்லை. ராஜஸ்தானத்துப் பெரிய வீடு அது. சமையலறைக்குள் குழாய் உண்டு. ஆனால் தொட்டி மிகச் சிறியது. குழாயைத் திறந்தால் நிற்பவளின் காலடியில் தண்ணீர் தேங்கும். ஓயாத ஈரத்தில் குதிகால் வெடிக்கும். குழாய் வந்த வீட்டில் பெண்ணின் உடல் என்ன ஆகிறது என்று தமிழில் இவ்வளவு துல்லியமாகப் பார்த்த வரிகளை நான் வேறெங்கும் படித்ததில்லை. அந்தச் சமையலறையைத் திட்டமிட்டவர்கள் அதில் நிற்கப் போகிறவர்கள் அல்லர்.

இப்போது எங்கள் கிராமங்களுக்கும் குழாய் வந்துவிட்டது. ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டபோது நாட்டின் கிராமப்புறங்களில் குழாய் இணைப்பு இருந்த வீடுகள் 3.23 கோடி. 2024 இறுதிக்குள் அது 15 கோடியைத் தாண்டியது. இதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. கழிப்பறைக்குப் பக்கத்தில் தண்ணீர் இருப்பது ஒரு பெண்ணுக்கு என்ன என்பதை, விடியுமுன் செம்போடு தோப்புக்குப் போய் வந்த தலைமுறையிடம்தான் கேட்க வேண்டும். கர்ப்பப்பை இறங்கிய பிறகும் குடம் சுமந்த பாட்டிமார்களை எனக்குத் தெரியும்.

ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். திட்டத்தின் அளவு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர், அதாவது பதினெட்டுக் குடம். எந்தப் பெண்ணும் தினம் பதினெட்டுக் குடம் வீட்டுக்குச் சுமந்ததில்லை. குளிப்பதும் துவைப்பதும் குளத்திலும் சானலிலும் நடந்தன. குளத்தில் குளித்த ஆண்கள் தங்கள் தோர்த்தையும் வேட்டியையும் தாங்களே கல்லில் அலசிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். நாஞ்சில் நாட்டில் அது மிகச் சாதாரணமான காட்சி. அதில் யாரும் கௌரவக் குறைவு கண்டதில்லை. இன்று அந்தத் தோர்த்து வீட்டு வாளியில் விழுகிறது. வாளியில் விழுந்த துணி யாருடையதாக இருந்தாலும் துவைப்பவள் ஒருத்திதான். தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது, வெளியே ஆண்கள் செய்துகொண்டிருந்த கொஞ்ச வேலையும் கூடவே உள்ளே வந்துவிட்டது. தரை தினமும் துடைக்கப்பட வேண்டும், கழிப்பறை பளிச்சென்றிருக்க வேண்டும் என்ற புதிய சுத்தங்களும் வந்தன.

தண்ணீர் சுமக்க இந்தியக் கிராமங்களில் ஒரு நாளில் 5.5 கோடி மணி நேரம் செலவாகிறது, குழாய் வந்தால் அது மிச்சம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பைக் காட்டிச் சொல்கிறார்கள். மிச்சமான நேரம் யார் கையில் இருக்கிறது? ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019இலும் 2024இலும் நடந்தது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்குச் செலவிட்ட நேரம் நாளுக்கு 299 நிமிடத்திலிருந்து 289 நிமிடமாகக் குறைந்தது. ஐந்து ஆண்டுகளில் பத்து நிமிடம். ஆண்களுக்கு 97இலிருந்து 88. ஏற்கெனவே சொற்பமாகச் செய்தவர்களுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சம்! நகரமும் கிராமமும் சேர்ந்த கணக்கு இது. குழாயை மட்டும் வைத்து விளக்கிவிட முடியாது. என்றாலும் 12 கோடி வீடுகளுக்குக் குழாய் போன அதே ஆண்டுகளின் கணக்கு.

குளத்துப் படித்துறை போய்விட்டதே என்ற ஏக்கம் அண்மைக் கவிதைகளில் நிறையத் தென்படுகிறது. பெண்கள் கூடிப் பேசிய இடம், மைனியும் மாமியாரும் காதில் விழாத தூரத்தில் மனம்விட்டு அழுத இடம் என்று. உண்மைதான், வீட்டைவிட்டு வெளியேறக் காரணம் கேட்கப்படாத ஒரே இடம் அது. ஆனால் அந்தப் படித்துறையில் எல்லாப் பெண்களும் இறங்கியதில்லை. தனித் துறையும் தனிக் கிணறும் இருந்த ஊர்கள் இவை. குழாய் அதையாவது ஒழித்ததா என்றால், 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது நினைவுக்கு வருகிறது. இரும்புக் குழாய்க்குச் சாதி தெரியாது, தொட்டிக்கு ஏறும் ஏணிக்குத் தெரிந்திருக்கிறது.

திட்டத்தின் வழிகாட்டு நெறி, கிராமத் தண்ணீர்க் குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கச் சொல்கிறது. வரவேற்கலாம். ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீரின் தரத்தைச் சோதிக்கப் பயிற்சி என்றும் சொல்கிறது. ஏன் ஐந்து ஆண்களுக்கு இல்லை என்று கேட்டால் சிரிப்பார்கள். பேச்சிப்பாறை அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினுக்கு அணையருகே நினைவிடம் இருக்கிறது. வயலுக்குப் போகும் தண்ணீரில் மடை, முறை, உரிமை, வழக்கு எல்லாம் ஆண்களுடையவை. அடுப்படிக்கு வந்ததும் அது பெண்ணின் பொறுப்பாகிவிடுகிறது.

என்னிடம் முதுகலை படிக்கும் ஒரு மாணவி வாரத்தில் இரண்டு மூன்று நாள் முதல் வகுப்புக்கு வருவதில்லை. வருகைப் பதிவு குறைந்து தேர்வெழுத முடியாத நிலை வந்தபோது கூப்பிட்டுக் கேட்டேன். அவள் ஊரில் தண்ணீர் ஒன்றுவிட்டு ஒரு நாள், காலையில்தான் விடுவார்கள். எத்தனை மணிக்கு என்பது திறப்பவர் வருவதைப் பொறுத்தது. அம்மா ஏழு மணிக்கே அண்டி ஆபீசுக்குப் போயாக வேண்டும். முந்திரி ஆலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். குழாய் முற்றத்திலேயே இருக்கிறது, ஆனால் அது எப்போது சீறும் என்று யாராவது காத்திருக்க வேண்டும். சருவம், குடம், டிரம் எல்லாம் நிரம்பிய பிறகுதான் அவளுக்குப் பேருந்து.

“வீட்டுல வேற யாரும் இல்லையா?” என்றேன்.

“அண்ணன் உண்டும்மா. டியூப மாட்டித் தருவான். பொறவு போய்ப் படுத்துருவான்.”