ஒரு தம்ளர் கியர் ஆயில்

சேற்று மேடு ஏறும் ஏடிவி என்ற கரடுமுரடுப் பாதை வண்டியில் எல்லோர் கண்ணும் எஞ்சின் மேல்தான். அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் பெட்டியை யார் குனிந்து பார்க்கிறார்கள்? வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களையும் அதனதன் வேகத்தில் சுழலவிடுவது இந்தப் பெட்டி. 1827-இல் பிரான்ஸின் ஒனேசிஃபோர் பெக்கூர் நீராவி வண்டிக்காகக் காப்புரிமை பெற்ற ஏற்பாடு.

அதன் உயிர் ஒரு தம்ளர் எண்ணெயில் இருக்கிறது. பல வண்டிகளில் கால் லிட்டர் சொச்சம்தான்.

ஆயிலை மாற்றுமுன் வண்டியைச் சற்று ஓட்டிவிட்டு வர வேண்டும். சூடேறிய ஆயில் அடிமண்டியையும் இழுத்துக்கொண்டு இறங்கும். சமதரையில் நிறுத்தியதும் முதலில் கழற்ற வேண்டியது, ஊற்றும் துளையின் போல்ட். பழைய ஆயிலை வடித்த பிறகு மேல் போல்ட் துருவேறி அசைய மறுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இந்த வரிசை தெரிந்த கைதான் தேர்ந்த கை.

அடுத்து வருவதுதான் அழகு. வடிதுளையின் போல்ட்டைத் திறந்ததும் கந்தக நெடியோடு ஆயில் நூலாக இறங்குகிறது. கறுத்திருந்தால் பரவாயில்லை. பால் விட்ட காபி போலக் கலங்கி வந்தால், ஓடையைக் கடந்தபோது தண்ணீர் புகுந்திருக்கிறது. காற்றுக்குழாயையும் சீலையும் பார்த்தாக வேண்டும். காந்தமுனை போல்ட்டில் மை போல் ஒட்டிய சாம்பல் பசை இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் துணுக்கு அகப்பட்டால் பல்சக்கரமே சிதைகிறது.

புது வாஷர் போட்டு வடிதுளையை மூடிவிட்டு, கையேடு சொல்லும் ஆயிலையே ஊற்ற வேண்டும். ஹோண்டா பல மாடல்களுக்கு எஸ்ஏஇ 80 ஹைபாய்ட் ஆயில் கேட்கிறது. போலாரிஸ் முன்அச்சுப் பெட்டிக்கெனத் தனித் திரவமே வைத்திருக்கிறது. பெரும்பாலும் ஊற்றும் துளையின் கீழ்விளிம்பைத் தொட்டு ஒரு சொட்டு வழிந்தால், அளவு சரி.