விண்டர்மியர் சீமாட்டியின் விசிறி: குட்டை எப்போது உடைப்பது?

ஆஸ்கார் வைல்டு என்றாலே நமக்கு ஞாபகம் வருவது வாட்ஸப்பில் சுற்றும் ஒற்றை வரிகள்தான். அந்த வரிகளையெல்லாம் உருவி எடுத்தாலும் நிற்கிற நாடகம் ஒன்று அவரிடம் உண்டு: ‘லேடி விண்டர்மியர்ஸ் ஃபேன்’. சும்மா சொல்லவில்லை. 1925-ல் எர்ன்ஸ்ட் லூபிட்ச் இதை மௌனப்படமாகவே எடுத்தார். வைல்டின் குரலே கேட்காத படம், ஆனாலும் கதை அசையாமல் நிற்கிறது.

காரணம், இந்த நாடகத்தின் எலும்புக்கூடு வசனத்தில் இல்லை. யாருக்கு, எது, எப்போது தெரியும் என்பதில்தான் இருக்கிறது. இதை மேடையேற்றுபவர் முதலில் தீர்மானிக்க வேண்டியதும் அதைத்தான்.

முதலில் கதை. (முடிவு வரை சொல்லப் போகிறேன், வேண்டாதவர்கள் நாடகத்தைப் படித்துவிட்டு வாங்க.)

விண்டர்மியர் சீமாட்டிக்கு இன்று 21 வயது. கணவர் பிறந்தநாள் பரிசாக ஒரு கைவிசிறி தருகிறார். தப்பு செய்தவர்களுக்கு மன்னிப்பே கிடையாது என்று நினைக்கிற பெண் அவள். அன்றைக்கே ஒரு வம்பு காதில் விழுகிறது: கணவர் எர்லின் என்ற பெண்மணிக்குப் பணம் கொடுக்கிறாராம். பூட்டிய வங்கிக் கணக்குப் புத்தகத்தை வெட்டித் திறக்கிறாள். 600 பவுண்டு, 700 பவுண்டு, 400 பவுண்டு. போதாததற்கு அந்தப் பெண்ணை இரவு விருந்துக்கு அழைக்கச் சொல்கிறார் கணவர். மனம் உடைந்தவள், தன்னைக் காதலிப்பதாகச் சொன்ன டார்லிங்டன் பிரபுவின் வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறாள்.

உண்மை என்னவென்றால், எர்லின்தான் அவளைப் பெற்றவள். இருபது வருஷத்துக்கு முன் கணவனையும் குழந்தையையும் விட்டு இன்னொருவனோடு போனவள். மகளோ அம்மா செத்துவிட்டதாக நம்புகிறாள். அதே தவறை மகளும் செய்யப் போகிறாள் என்று தெரிந்ததும் எர்லின் பின்னாலேயே ஓடுகிறாள். அந்த நேரம் பார்த்து ஆண்கள் கூட்டமாக வந்துவிட, விசிறி சோபாவில் சிக்கிக்கொள்கிறது. விண்டர்மியர் பிரபு கொதிக்கிறார். எர்லின் வெளியே வந்து, ‘தவறுதலாக நான்தான் எடுத்து வந்தேன்’ என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள். எல்லார் கண்ணும் அவள் மேல் இருக்கும்போது மகள் நழுவிவிடுகிறாள்.

சரி, இவள் அம்மா என்பதைப் பார்வையாளருக்கு எப்போது சொல்வது?

1892 பிப்ரவரி 20 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் தியேட்டரில் முதல் காட்சி. வைல்டு அந்த ரகசியத்தைக் கடைசி அங்கம் வரை பொத்தி வைத்திருந்தார். தியேட்டரை நடத்தியவரும் விண்டர்மியராக நடித்தவருமான ஜார்ஜ் அலெக்ஸாண்டருக்கு அதில் உடன்பாடு இல்லை, முன்னாடியே சொல்லணும் என்று வாதாடினார். நாடகம் ஓட ஆரம்பித்த சில நாட்களிலேயே வைல்டு மாற்றினார். இன்று நாம் படிக்கும் பிரதியில் முதல் அங்கத்தின் முடிவில் ஒரு சாடை வருகிறது, இரண்டாம் அங்கத்தில் விஷயம் புரிந்துவிடுகிறது. லூபிட்ச் இன்னும் ஒரு படி மேலே போய், படத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்.

ஆக மூன்று வடிவங்கள். என் ஓட்டு நடுவில் இருப்பதற்கே.

கடைசியில் சொன்னால் அது வெறும் அதிர்ச்சி வைத்தியம். ஒரு அம்மா தன்னை அழித்துக்கொள்கிற காட்சியை, யாரோ ஒருத்தி செய்கிற விசித்திரமான காரியமாகப் பார்த்துவிட்டுப் போய்விடுவோம். ஆரம்பத்திலேயே சொன்னால் வேறு நஷ்டம். லூபிட்ச் படத்தில், குதிரைப் பந்தயத் திடலில் ஊரே எர்லினைத் தொலைநோக்கியால் மேய்கிற காட்சி அபாரம். ஆனால் அங்கே நாம் வம்பு பேசுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம், அவர்களில் ஒருவராக ஆவதில்லை. நடு வடிவத்தில் நாமும் முதலில் மனைவியோடு சேர்ந்து அந்தப் பெண்ணை எடைபோட்டு, தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். பிறகுதான் உண்மை தெரிகிறது. அவசரப்பட்டது நாமும்தான் என்று உறைக்கிறது. மன்னிப்பைப் பற்றிய நாடகத்துக்கு இந்த உறுத்தல் அவசியம்.

இப்போ கடைசித் திரை விழும்போது யாருக்கு என்ன தெரியும் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்க (தொழில் புத்தி, விடாது):

கணவர்: எர்லின் மாமியார் என்று தெரியும். மனைவி முந்தின இரவு எங்கே போனாள் என்று தெரியாது.
மனைவி: தான் எங்கே போனோம் என்று தெரியும். காப்பாற்றியவள் அம்மா என்று தெரியாது.
எர்லினை மணக்கப் போகும் அகஸ்டஸ் பிரபு: ரெண்டுமே தெரியாது.
எர்லின்: எல்லாம் தெரியும்.

வழக்கமான குடும்பக் கதையில் எல்லா உண்மையும் வெளியே வந்து, எல்லாரும் அழுது, கட்டிக்கொண்டு மன்னிப்பார்கள். இங்கே மனைவி கணவரிடம் சொல்லத் துடிக்கிறாள், எர்லின் தடுக்கிறாள். கணவர் உண்மையைச் சொல்வேன் என்கிறார், அதையும் எர்லின் தடுக்கிறாள். யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. ஆனால் மனைவி மாறிவிடுகிறாள். மனிதர்களை நல்லவர், கெட்டவர் என்று இரண்டு வரிசையில் நிறுத்த இனி அவளால் முடியாது.

அதனால் நான்காம் அங்கத்தில் எர்லினாக நடிப்பவர் கண்ணீரில் கரையக் கூடாது. அங்கே அவள் பேச்சு அலட்சியமாக, கிட்டத்தட்ட கூசாமல் இருக்கிறது. அம்மா வேஷம் தனக்குச் சரிப்படாது என்கிறாள். அந்த அலட்சியத்தை அப்படியே பேச விடணும். மகள் படத்தை ஞாபகத்துக்குக் கேட்டு வாங்குகிற நேரத்தில் மட்டும் குரல் ஒரு நொடி நின்றால் போதும்.

முடிவில் அகஸ்டஸ் மணக்கப் போகிறவளைக் கணவர் புத்திசாலி என்கிறார், மனைவி நல்லவள் என்கிறாள். ரெண்டு பேருமே பாதிதான் தெரிந்து பேசுகிறார்கள். அரங்கில் இருக்கும் நமக்கு மட்டும் முழுசும் தெரியும். இந்த இடத்தில் சிரிப்பு வரணும், தொண்டையும் அடைக்கணும். ஒரு தயாரிப்பு தேறியதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்.