பட்டியலில் இடமில்லாத சிவப்புப் புள்ளிகள்

பெண்ணின் வெளிப்பிறப்புறுப்பில், அதாவது வல்வாவில், சிவப்பாகவோ நீலமாகவோ எது புடைத்தாலும் ‘ஹெமாஞ்சியோமா’ (இரத்தக்குழாய்க் கட்டி) என்று எழுதி முடித்த காலம் ஒன்று இருந்தது. அந்தப் பழக்கத்தை உடைத்தது, அமெரிக்காவில் ஜான் மல்லிகனும் ஜூலி குளோவாக்கியும் 1982-இல் வெளியிட்ட ஆய்வு. இரத்தக்குழாயின் உட்சுவர் உயிரணுக்கள் பெருகினால் அது கட்டி. பெருக்கமின்றி, கருவிலேயே பிசகாக அமைந்து உடலோடு கூடவே வளர்ந்தால் அது உருக்கோளாறு. இந்தப் பிரிவினையை இரத்தக்குழாய்க் கோளாறுகளுக்கான பன்னாட்டுச் சங்கம் 1996-இல் ஏற்றது. 2014-இலும் 2018-இலும் தன் வகைப்பாட்டுப் பட்டியலை விரித்தது.

குழந்தைகளைப் பொறுத்தவரை இதன் பயனைக் குறைத்துச் சொல்ல முடியாது. பிறந்த சில வாரங்களில் தலைகாட்டும் சிசு ஹெமாஞ்சியோமா, முதல் சில மாதங்கள் வேகமாகப் பெருத்து, பிறகு ஆண்டுக்கணக்கில் மெல்லச் சுருங்கும். வல்வாவில் வந்தால் சிறுநீரின் ஈரமும் துணி உரசுவதும் சேர்ந்து எளிதில் புண்ணாகிவிடும். அந்தப் புண்ணைக் கண்டு பாலியல் கொடுமையோ என்று சந்தேகித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கட்டி என்று சரியாக இனங்கண்டால் புரோப்ரனோலால் கொடுக்கலாம். இதய நோய்க்கான அந்த மருந்து இதற்கும் கேட்கிறது என்பது 2008-இல் பிரான்சில் தெரியவந்தது. சிரை உருக்கோளாறோ தானாகச் சுருங்காது, புரோப்ரனோலாலுக்கும் மசியாது. குழாயைச் சுருக்கும் ஊசியோ அறுவையோதான் பெரும்பாலும் வழி. ஐயம் வந்தால் பயாப்சித் துண்டில் குளூட்-1 என்ற புரதத்தைத் தேடலாம். சிசு ஹெமாஞ்சியோமாவில் அது இருக்கும், உருக்கோளாறில் இராது. இடுப்புக்குக் கீழே அகலமாகப் பரவிய ஹெமாஞ்சியோமா என்றால் முதுகுத்தண்டையும் சிறுநீர்ப் பாதையையும் ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் இந்த நோயறிதலோடு சேர்ந்தே வருகிறது.

சிக்கல் வளர்ந்த பெண்களிடம் தொடங்குகிறது. நடுவயதைக் கடந்தவர்களின் வல்வாவில் கருஞ்சிவப்பாகக் குண்டூசித் தலை அளவில் தோன்றும் ஆஞ்சியோகெரட்டோமா அரியதல்ல. தோல் மருத்துவர் ஃபோர்டைஸ் ஆணின் விதைப்பையில் இதையே 1896-இல் விவரித்துவிட்டார். ஆனாலும் சங்கத்தின் 2018 பட்டியலில் இதற்கு ஒதுக்கிய இடம் ‘தற்காலிகமாக வகைப்படுத்தப்படாதவை’. குழந்தைகளின் பிறவிக் கோளாறுகளை மையமாக வைத்துத் தைத்த சட்டையை முதியவளுக்கு மாட்டினால் தோளில் பிடிக்கத்தான் செய்யும்.

பிற்காலத்தில் வரும் நிணநீர்க் கொப்புளங்களின் நிலை இதைவிட மோசம். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும், யானைக்கால் நோயால் நிணநீர்ப் பாதை அடைபட்டவர்களுக்கும் இவை வரலாம். இரண்டு நோய்களும் தமிழகம் நன்கு அறிந்தவை. பிறவியில் அமைந்தவையல்ல என்பதால் உருக்கோளாறு என்ற கூடையில் போட முடியாது, கட்டியும் அல்ல. பார்வைக்கோ பால்வினை மருவைப் போலிருக்கும். மரு என்று எழுதிவிட்டால் தேவையற்ற சூடும் பூச்சு மருந்தும் ஒரு பக்கம். வீட்டில் கணவன் மனைவிக்குள் எழும் கேள்விகள் இன்னொரு பக்கம். ஒரு முழுப் பயாப்சியும், நிணநீர்க் குழாயைக் காட்டிக்கொடுக்கும் சாயச் சோதனையும் இந்தத் துன்பத்தைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும்.

நோய்க்குறியியலாளர்களிடமும் ஒற்றுமை இல்லை. உலக சுகாதார நிறுவனம் மென்திசுக் கட்டிகளுக்காக 2020-இல் வெளியிட்ட வகைப்பாடு ‘சிரை ஹெமாஞ்சியோமா’ என்ற பெயரை இன்னும் வைத்திருக்கிறது. பன்னாட்டுச் சங்கத்தின் கணக்கில் அது உருக்கோளாறு. அதே சிரை உருக்கோளாறுக்கு ஆய்வக அறிக்கை ‘கேவர்னஸ் ஹெமாஞ்சியோமா’ என்ற பழைய பெயரில் வந்தால், தானே கரையும் என்று ஒரு மருத்துவர் காத்திருக்கக் கூடும். பழியை ஆய்வகத்தின் தலையில் மட்டும் போடுவதும் நியாயமில்லை. பிறந்தபோதே இருந்ததா, எப்போது பெருத்தது, கர்ப்பத்தில் வந்ததா என்ற விவரங்கள்மேல்தான் இந்த வகைப்பாடு முழுதும் நிற்கிறது. துண்டோடு வரும் படிவத்தில் ‘வல்வா கட்டி’ என்ற இரண்டு சொல் மட்டும் இருந்தால் கண்ணாடித் தகடு எதைச் சொல்லும்?

எந்தப் பட்டியலும் பேசாத குறை ஒன்று பரிசோதனை அறையிலேயே இருக்கிறது. பெண்ணைப் படுக்கவைத்துப் பார்ப்பதே மகப்பேறு மருத்துவரின் வழக்கம். சிரைப் புடைப்போ படுத்தால் வற்றும்; நின்றாலும் முக்கினாலும் நிரம்பும். கர்ப்பகாலச் சிரைப் புடைப்பும் இப்படித்தான். அதில் பெரும்பகுதி பிரசவத்துக்குப் பின் சில வாரங்களில் அடங்கிவிடும். படுக்கையில் மட்டும் பார்த்தால் சிரைக் கோளாறு, யோனி வாயிலருகே வரும் பார்த்தோலின் சுரப்பிக் கட்டியாகத் தோன்றலாம். அந்த நம்பிக்கையில் கத்தி வைத்தால் இரத்தம் கொட்டும். எழுந்து நிற்கச் சொல்லி ஒருமுறை பார்ப்பதற்கும், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் கருவியை மேலே வைப்பதற்கும் சில நிமிடங்கள் போதும். குளூட்-1 சோதனைக்கு வசதியில்லாத மாவட்ட மருத்துவமனையிலும் இவ்விரண்டில் முதலாவதற்குச் செலவே இல்லை.