மணல்மேட்டில் நான்கு சக்கரம்

கோடை விடுமுறையில் பெரணமல்லூரிலிருந்து கடல் பார்க்கப் புறப்படும் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடிக்கின்றன. வந்தவாசி, திண்டிவனம் தாண்டி மரக்காணம், புதுச்சேரி. இல்லையென்றால் நாலு வீட்டார் சேர்ந்து வேன் பேசிக்கொண்டு இராமேசுவரம், தனுஷ்கோடி. ஆரணிப் பட்டு நெய்கிற வட்டாரம் இது. தறிக்குழியில் காலை இறக்கினால் பொழுது சாயும்வரை உட்கார்ந்த இடத்தைவிட்டு அசைய முடியாத உழைப்பு. அப்படி உழைக்கிற ஒருவர், கடற்கரையில் பருத்த டயர்களோடு நிற்கும் ஏடிவி என்கிற நான்கு சக்கர வண்டியைக் கண்டு ஒரு சுற்றாவது ஓட்டிப் பார்க்க ஆசைப்படுவதில் எந்தத் தவறும் இல்லை. வெட்டவெளி, வேகம், முகத்தில் அடிக்கும் உப்புக் காற்று மூன்றும் அவருக்கு வருடத்தில் ஓரிரு நாள்தான் வாய்க்கின்றன. மணல்மேடுகளின் மேல் நடக்கும் ஏடிவி உலாவை எடைபோட நினைப்பவர்கள் இந்த ஆசையை மதித்துத்தான் தொடங்க வேண்டும். ஓட்ட வந்தவரைக் குற்றவாளியாக்கிப் பேசினால் அவர் காதைப் பொத்திக்கொள்வார், அவர் கேட்க வேண்டிய செய்தியும் அத்தோடு போய்விடும்.

இந்த உலாவை விற்பவர்கள் முன்வைக்கும் வாதம், வழிகாட்டி இருக்கிறார் என்பது. பழகிய ஆள் முன்னால் போவார், நீங்கள் அவர் தடத்திலேயே வாருங்கள், ஆபத்தில்லை என்கிறார்கள். இது வெறும் விளம்பரப் பேச்சல்ல. மணல்மேட்டின் காற்று வரும் பக்கம் சாய்வாக ஏறும். மறுபக்கம் முப்பது பாகைக்கு மேல் செங்குத்தாக இறங்கும். கீழிருந்து ஏறுகிறவருக்கு உச்சிக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. நேற்று இருந்த உச்சி இன்று நகர்ந்திருக்கலாம். வேகத்தோடு ஏறி உச்சியைத் தாண்டினால் வண்டி அந்தரத்தில் பாய்ந்து மூக்கு குத்தும். தயங்கிப் பாதியில் நிறுத்தினால் பின்னோக்கிக் கவிழும். ஏறும்போது உடலை முன்னால் சாய்த்து, இறங்கும்போது பின்னால் தள்ளி, திருப்பத்தில் உள்பக்கம் எடையைக் கொடுத்து ஓட்ட வேண்டிய வண்டி இது. பைக் ஓட்டத் தெரிந்தால் போதும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள்.

வண்டியின் வரலாறும் இதையே சொல்கிறது. 1970இல் ஹோண்டா கொண்டுவந்த முதல் மாதிரிக்கு மூன்றே சக்கரங்கள். அமெரிக்காவில் 1980களில் அதில் விழுந்து இறந்தவர்களும் முடமானவர்களும் அவ்வளவு பெருகி, 1988இல் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி மூன்று சக்கர வண்டிகளின் விற்பனையையே கம்பெனிகள் நிறுத்தின. நான்கு சக்கரம் வந்த பிறகும், பெரியவர்களுக்கான வண்டியைப் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் ஓட்டக்கூடாது, ஒருவருக்கான வண்டியில் இன்னொருவரை ஏற்றக்கூடாது என்று அந்நாட்டின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. நம் கடற்கரைகளில் தகப்பன் ஓட்ட, முன்னால் ஒரு குழந்தை, பின்னால் ஒரு குழந்தை. மூவர் தலையிலும் ஹெல்மெட் இல்லை. கூட வருகிற பையன் இதைத் தடுப்பதில்லை, செல்போனில் படம் எடுத்துத் தருகிறான். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. மணலைப் பற்றியோ வண்டியைப் பற்றியோ அவனுக்கு யாரும் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. சுற்றுக்கு இவ்வளவு என்று வாங்கச் சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள்.

இந்த உலா சிறப்பாக நடக்க முடியுமா என்றால், முடியும். ஆஸ்திரேலியாவில் நியூகாசில் நகருக்கு வடக்கே ஸ்டாக்டன் கடற்கரை சுமார் 32 கிலோமீட்டர் நீள்கிறது. அதன் பின்னால் செடியே இல்லாமல் நகர்ந்துகொண்டிருக்கும் மணல் மலைகள். அந்த மண்ணின் பூர்வகுடிகளான வொரிமி மக்களின் கைக்கு 2007இல் அது பாதுகாப்பு நிலமாகத் திரும்பி வந்தது. அரசின் பூங்காத் துறையும் அவர்களும் சேர்ந்து நிர்வகிக்கிறார்கள். அங்கே ஏடிவி உலா நடத்தும் நிறுவனம் வொரிமி நில மன்றத்துக்கே சொந்தம். வழிகாட்டி அந்தக் குலத்தவர். முன்னோர் தின்றுபோட்ட சிப்பிக் குவியல் எங்கே இருக்கிறது, மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் எங்கே ஊறும், எந்த மேட்டில் சக்கரம் படக்கூடாது என்பது அவருக்குத் தெரியும். வண்டிகள் குறித்த தடத்தில் வரிசையாகப் போகின்றன, நடுவழியில் நின்று கதை கேட்கின்றன. வருமானம் அந்தச் சமூகத்துக்கே போகிறது. 'வேண்டாம்' என்று சொல்கிற அதிகாரம் வழிகாட்டியிடம் இருப்பதால்தான் அங்கே வழிகாட்டி என்ற சொல்லுக்குப் பொருள் இருக்கிறது.

நேர் எதிர்ப்பக்கம் கத்தார். தோஹாவுக்குத் தெற்கே சீலைன் கடற்கரையில் மணல் மலைகள் கடலுக்குள்ளேயே இறங்குகின்றன. வெள்ளிக்கிழமை விடுமுறையில் நம் ஊர்க்காரர்கள் கூட்டமாகப் போகிற இடம். வாடகை வண்டியை எடுத்துக்கொண்டு அவரவர் இஷ்டத்துக்கு ஏறி இறங்கலாம். அங்கே அடிபடுகிறவர்களுக்காகவே குளிர்காலம் முழுவதும் அரசு மருத்துவமனை அந்த மணலில் தனியாக ஒரு மருத்துவ முகாம் நடத்துகிறது.

இந்த இரண்டையும் பார்த்தால், நல்ல வழிகாட்டியும் நல்ல விதியும் இருந்தால் போதும், நம் கடற்கரையிலும் ஸ்டாக்டன் போல நடத்திவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் நான் மாறுபடுகிறேன். நம் மணல்மேடு வேறு வகை.

ஸ்டாக்டனிலும் கத்தாரிலும் இருப்பவை மொட்டை மணல். சக்கரத் தடத்தை அடுத்த காற்று அழித்துவிடும். சோழமண்டலக் கரையில் இருப்பவை உயரம் குறைந்த, அகலம் குறைந்த, உயிருள்ள மேடுகள். அலை கொண்டுவரும் மணலைக் காற்று உள்ளே தள்ளுகிறது. அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் அதைப் பிடித்து நிறுத்துகின்றன. கொடி மணலில் புதையப் புதைய மேலே வளர்ந்து இன்னும் மணலைப் பிடிக்கிறது. அப்படிப் பல ஆண்டுகளில் ஆளுயரம் எழுகிறது ஒரு மேடு. சங்கப் புலவர்கள் இந்த அடப்பங்கொடியைத்தான் அடும்பு என்றார்கள்; நெய்தல் நிலத்துக்கு அடையாளமாக அதைச் சொன்னது வெறும் அழகுக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கொடி இல்லையென்றால் கரையே வேறு இடத்தில் இருந்திருக்கும்.

ஏடிவி டயரில் காற்றழுத்தம் மிகக் குறைவு, கார் டயரைப்போல மணலை அழுத்தாது என்பது வண்டிக்காரர்களின் பதில். அழுத்தத்தைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் கொடியைக் கொல்வது எடை மட்டுமல்ல. சுழலும் சக்கரம் மணலை வாரி எறியும்போது அறுபடும் தண்டும் வேரும்தான். ஏற்றத்தில் முறுக்கினால் சக்கரங்கள் தோண்டும். அமெரிக்காவின் கேப் காட் கடற்கரையில் 1970களில் லெதர்மன், காட்ஃப்ரே இருவரும் நடத்திய ஆய்வு, இத்தனை வண்டிவரை ஓடலாம் என்று ஓர் எல்லை வகுக்கவே முடியாத அளவுக்குக் கடலோர மணல் நலிந்தது என்ற முடிவுக்கு வந்தது. செடி போன இடத்தில் காற்று வாய் வைக்கும். ஒரு தடம் பள்ளமாகும், பள்ளம் மேட்டை இரண்டாகப் பிளக்கும். அடுத்த புயலில் கடல்நீர் உள்ளே வர அது வாசலாகிவிடும்.

வாசல் திறந்தால் என்ன ஆகும் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டிவிட்டது. இலங்கையின் யாலாவில், கடல் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காக முன்னிருந்த மணல்மேட்டைக் குறைத்துக்கொண்ட ஒரு விடுதி ஆழிப்பேரலையில் அடியோடு போயிற்று. மேட்டை அப்படியே விட்டிருந்த பக்கத்து விடுதிக்குச் சேதம் மிகக் குறைவு. பின்னர் வந்த அறிவியலாளர்கள் இதை அளந்து பதிவு செய்தார்கள்.

கடல் ஆமைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஆனால் அளவறிந்து. தை முதல் பங்குனிவரை பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ஏறி மணலில் முட்டையிடுகின்றன. குஞ்சு வெளிவர ஏறக்குறைய ஐம்பது நாள். முட்டை புதைந்த இடத்தில் வண்டி ஓடினால் மணல் இறுகும். சக்கரத் தடத்தின் பள்ளத்தில் விழுந்த குஞ்சு கடலுக்குப் போக வழி தெரியாமல் தடத்தோடே ஊர்ந்து காலையில் காக்கைக்கும் நாய்க்கும் இரையாகும். இது உண்மை. ஆனாலும் 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியதற்கு ஏடிவி காரணமல்ல. கரையருகே இழுக்கப்பட்ட இழுவலைகளின் மேல்தான் பழி விழுந்தது. பெரிய குற்றத்தை விட்டுவிட்டுச் சிறிய குற்றத்தின் மேல் பாய்வது நேர்மையாகாது. பெரியது இருக்கிறது என்பதால் சிறியதை மன்னிக்கவும் முடியாது. மீனவருக்குக் கடல் வயிற்றுப்பாடு. மணலில் வண்டி ஓட்டாவிட்டால் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை.

வாடகைக்கு விடுபவர் பட்டினி கிடப்பாரே என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விடை தேட நம்மிடம் சொந்த அனுபவமே இருக்கிறது: தனுஷ்கோடி.

1964 டிசம்பர் புயல் அந்த ஊரை அழித்த பிறகு அரை நூற்றாண்டுக்கு அங்கே ஒழுங்கான சாலை இல்லை. தார்ச்சாலை முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்கப்பால் மணலும் சேறும் கடல்நீர் தேங்கிய பள்ளங்களும். உள்ளூர்க்காரர்களின் வேன்களும் ஜீப்புகளும்தான் யாத்ரீகர்களை அள்ளிப்போட்டுக்கொண்டு போயின. பிதுங்கப் பிதுங்க ஆள் ஏற்றினார்கள். மண்டை கம்பியில் இடிக்கும். சேற்றில் சிக்கினால் இறங்கித் தள்ள வேண்டும். நாரைகள் மேயும் ஈரநிலத்தின் ஓரத்தையும் அந்த வண்டிகள் உழுதன. அதைப் பொற்காலம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தவரை தமிழகத்தில் மணல்மேல் நடந்த மிகப் பெரிய வழிகாட்டி உலா அதுதான், இன்றைய ஏடிவி உலாவில் இல்லாத இரண்டு அதில் இருந்தன.

ஒன்று, தடம். ஒரு வேனில் பதினைந்து பேர் போனால் மணலில் விழுவது ஒரே ஒரு தடம், அதுவும் முந்தைய வண்டி போன தடம். அதை விட்டு விலகினால் புதைந்துவிடும் என்ற பயமே ஓட்டுநரைக் கட்டிப்போட்டது. அதே பதினைந்து பேருக்கும் ஆளுக்கொரு ஏடிவி கொடுத்தால் தடம் பதினைந்தாகிறது. யார் வண்டியும் எளிதில் புதையாது, அதனால் யாரும் தடத்தில் நிற்பதில்லை. எங்கும் போக முடியும் என்பதுதான் இந்த வண்டியின் பெருமை. நலிந்த மணலில் அந்தப் பெருமையே குறையாக மாறுகிறது. முன்னால் போகிற வழிகாட்டி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் பின்னால் வருகிற பத்துக் கைப்பிடிகள் அவர் கையில் இல்லை.

மற்றொன்று, பேச்சு. வேனில் போனவருக்கு ஓட்டுநர் தேவாலயத்தின் இடிந்த சுவரையும் இரயில் நிலையத்தின் மிச்சத்தையும் காட்டி, புயல் இரவைப் பற்றித் தன் வீட்டார் சொன்னதைச் சொன்னார். ஏடிவி இரைச்சலில் அப்படி எதுவும் காதில் விழாது. ஓட்டுகிறவர் கண் முன்சக்கரத்தை விட்டு நகராது. இறங்கிய பிறகு எதைப் பார்த்தீர்கள் என்று கேட்டால், வண்டியைப் பற்றித்தான் சொல்வார்.

2017 ஜூலை 27இல் அரிச்சல்முனைவரை ஒன்பதரைக் கிலோமீட்டர்ச் சாலை திறக்கப்பட்டது. பேருந்தும் காரும் நேரே போகத் தொடங்கின. வேன்காரர்களின் பிழைப்பு போயிற்று. 2025 ஜூனில் அரசு அங்கே 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. மணலில் வண்டி ஓடுவது குறைந்தால் சரணாலயத்துக்கு நல்லதுதான். ஆனால் அந்த மணலை வரிவரியாக அறிந்திருந்த மனிதர்களையும் அத்தோடு சேர்த்து ஒதுக்கிவிட்டோம்.

சட்டம் இருக்கிறது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011லும் 2019லும் மணல்மேடுகளையும் ஆமை முட்டையிடும் இடங்களையும் மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வைக்கிறது; பொழுதுபோக்குக்காக மணல்மேட்டை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. ஆனால் அதிகாரிகள் இதைக் கட்டடம் எழும்பும்போது மட்டும்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். சக்கரத்தால் சிறிது சிறிதாகக் கலைப்பதும் மாற்றியமைப்பதுதான் என்பது என் வாதம். மாவட்ட ஆட்சியர்கள் நினைத்தால், மேட்டின் மேலும், மேட்டுக்கும் அலைக்கும் இடைப்பட்ட மணலிலும் வாடகை ஏடிவி ஓடக்கூடாது என்று ஒரே உத்தரவில் சொல்லலாம்.

அப்படித் தடை செய்தால் நெசவாளியின் ஆசை என்னாவது? வேகத்துக்கும் மணல்மேட்டுக்கும் உள்ள முடிச்சை அவிழ்த்தால் போதும். வண்டி துள்ளுவதற்குக் கடல் தேவையில்லை. கரையிலிருந்து தள்ளி, உழாமல் கிடக்கும் தனியார் மேட்டு நிலத்தில் ஏற்ற இறக்கம் அமைத்து, ஹெல்மெட் போட்டு, அரைமணி நேரமாவது பழக்கி, சிறுவர்களுக்குச் சிறிய வண்டி கொடுத்து நடத்தினால் அதே துள்ளல் கிடைக்கும். வந்தவாசிப் பக்கமே அப்படி நடத்தலாம். கடற்கரைவரை போக வேண்டியதுகூட இல்லை.

மணல்மேட்டை நடந்து பார்க்க வேண்டும். திருச்செந்தூர்ப் பக்கத்துச் செந்நிறத் தேரியில் அருஞ்சுனை காத்த அய்யனாரைக் கும்பிடப் போகிறவர்கள் அந்த மணலில் கால் வைத்துத்தான் நடக்கிறார்கள். சென்னையில் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் ஆமைப் பருவத்தில் இரவு நடை நடத்துகிறது. பொதுமக்களும் சேர்ந்து நடக்கிறார்கள், கையில் விளக்குகூட இல்லாமல். தனுஷ்கோடியில் அதுபோல உள்ளூர்க்காரரை வழிகாட்டியாக வைத்து ஒரு நடைவழி வேண்டும். பூநாரை எந்தத் தண்ணீரில் நிற்கும், அடப்பங்கொடி எங்கே படரும், 1964இல் கடல் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று சொல்ல அங்கே ஆள் உண்டு. வேன் ஓட்டிப் பிழைத்தவர்களையும் மீனவக் குடும்பத்து இளைஞர்களையும் வனத்துறை பட்டியலெடுத்து, பயிற்சியும் அடையாள அட்டையும் தந்து, நுழைவுக் கட்டணத்தில் அவர்களுக்குப் பங்கு வைக்க வேண்டும். சரணாலயத்துக்கான மேலாண்மைத் திட்டத்தில் இதற்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.