தோன்றா எழுவாயை ரசிப்பது எப்படி?

சாயங்காலம் சென்னை ஆதம்பாக்கத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறினால் பக்கத்து இருக்கைக்காரரின் கைபேசிப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. நமக்குக் கேட்பது ஒரு பக்கம் மட்டும்தான். "கிளம்பிட்டேன்... வந்தான்... குடுத்துட்டேன்... வாங்கிட்டுப் போயிட்டான்." இதில் 'நான்' இல்லை, 'அவன்' இல்லை, 'அதை' இல்லை, 'அவனுக்கு' இல்லை. ஆனாலும், வயதில் இளைய ஒருவனிடமோ நெருங்கிய நண்பனிடமோ இவர் எதையோ ஒப்படைத்துவிட்டார் என்பது நமக்குப் புரிந்துவிடுகிறது. அது என்ன பொருள் என்பதுதான் தெரியவில்லை. மறுமுனையில் இருப்பவருக்கு அது தெரியும், அதனால்தான் அவரும் கேட்கவில்லை.

எழுவாய் இப்படி மறைந்து நிற்பதற்குத் தோன்றா எழுவாய் என்று பள்ளிக்கூடத்தில் பெயர் படித்திருக்கிறோம். தேர்வோடு மறந்துபோகிற அந்தப் பெயரை, ஸ்பானிஷ் கற்க உட்காரும் ஒவ்வொருவரும் திரும்ப எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன். வேலைக்காகவோ மேற்படிப்புக்காகவோ, ஒரு வெப் சீரிஸ் பிடித்துப்போனதாலோ ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் ஆங்கிலவழிப் புத்தகத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். அந்தப் புத்தகங்கள் ஆங்கிலேயருக்கு எது விசித்திரமோ அதையே பெரிய தடையாகக் காட்டும். எழுவாயைச் சொல்லாமல் விடலாம், செயப்படுபொருளான 'என்னை', 'உன்னை' எல்லாம் வினைக்கு முன்னால் வரும், 'எனக்குப் பிடிக்கும்' என்று வாக்கியத்தைத் திருப்பிப் போட வேண்டும் என்று பக்கம் பக்கமாக எச்சரிக்கும். தமிழ் பேசுகிறவருக்கு இதில் பாதி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போகாமல் தமிழிலிருந்து நேராக ஸ்பானிஷுக்குள் நுழைந்தால், அந்த மொழியின் நான், நீ, அவன், என்னை, உனக்கு எல்லாம் பயத்துக்குப் பதிலாக ரசனையைத் தரும்.

முதலில் வினையின் வாலைக் கேட்கப் பழக வேண்டும். ஆப்லோ என்றால் பேசுகிறேன், ஆப்லாஸ் பேசுகிறாய், ஆப்லாமோஸ் பேசுகிறோம், ஆப்லான் பேசுகிறார்கள். நம் ஏன், ஆய், ஓம், ஆர்கள் போலவே ஆளைச் சொல்லும் விகுதிகள் இவை. 'நான்' என்பதற்கு 'யோ' என்ற சொல் இருக்கிறது. ஆனால் ஸ்பானிஷ்காரர் வாக்கியத்துக்கு வாக்கியம் அதைச் சொல்வதில்லை. ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. படர்க்கையில் நம்மிடம் பேசுகிறான், பேசுகிறாள், பேசுகிறார், பேசுகிறது என்று நான்கு இருக்க, அங்கே 'ஆப்லா' ஒன்றுதான். ஆணா பெண்ணா என்று அந்த விகுதி சொல்லாது. ஆகவே ஐயம் வரக்கூடிய இடத்தில் ஏல், ஏயா என்று அவனையும் அவளையும் வெளிப்படையாகச் சொல்வார்கள். நம்மிடமும் இப்படி ஓர் இடம் உண்டு. 'வரல', 'குடுக்கல' என்று எதிர்மறையில் பேசும்போது விகுதி காணாமல் போய்விடுகிறது. வராதது நானா அவனா என்று அந்தச் சொல்லிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. சூழ்நிலை காட்டாவிட்டால் 'நான் வரல' என்று சொல்லியாக வேண்டும். ஸ்பானிஷில் எதிர்மறையிலும் விகுதி அப்படியே நிற்கும்.

இப்போது ரசிக்க வேண்டிய இடத்துக்கு வருவோம். சொல்லத் தேவையில்லாத எழுவாயை ஒருவர் சொன்னால், அதற்கு ஒரு காரணம் இருக்கும். 'சொன்னேன்' என்பது வெறும் தகவல். 'நான் சொன்னேன்' என்றால் வேறு யாரும் சொல்லவில்லை, அல்லது நீங்கள் நம்பவில்லை, அல்லது பழி என் மேல் விழட்டும் என்று பொருள். மானு சாவோ 2001இல் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற பாட்டின் தலைப்பு 'மே குஸ்தாஸ் தூ'. இந்த மூன்று சொற்களைப் பிரித்துப் பாருங்கள். மே என்பது எனக்கு. குஸ்தாஸ் என்ற வினையின் 'ஆஸ்' விகுதியிலேயே 'நீ' அடங்கிவிட்டது. ஆக 'மே குஸ்தாஸ்' என்பதே உன்னைப் பிடித்திருக்கிறது என்று முழுமையாகச் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகும் 'தூ', அதாவது 'நீ', வந்து நிற்கிறது. தனக்குப் பிடித்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகும் பாட்டு அது. ஒவ்வொன்றுக்குப் பிறகும் இந்த 'நீ' திரும்பி வருகிறது. எனக்குப் பிடித்தது நீதான் என்கிற அந்த 'தான்' வேலையை முழுக்க இந்த ஒரு 'தூ' செய்கிறது. ஆங்கிலத்தில் எழுவாய் எப்போதும் வாக்கியத்தில் உட்கார்ந்தே இருப்பதால், இந்த அழுத்தத்தைக் குரலை ஏற்றித்தான் காட்ட வேண்டும். இலக்கணம் தெரியாவிட்டாலும் தமிழ்க் காதுக்கு இது பிடிபடும்.

அடுத்தது செயப்படுபொருள். 'தே வி' என்று இரண்டே அசையில் ஸ்பானிஷ்காரர் சொல்கிறார். தே என்றால் உன்னை, வி என்றால் பார்த்தேன். உன்னைப் பார்த்தேன். வரிசை கொஞ்சமும் மாறவில்லை. 'தே லோ தி' என்பது இன்னும் அழகு: தே உனக்கு, லோ அதை, தி கொடுத்தேன். உனக்கு அதைக் கொடுத்தேன். நான்காம் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை, வினைமுற்று என்று நம் வரிசை அச்சாக அங்கே நிற்கிறது. ஆங்கிலம் வழியாக வருகிறவர் இந்த மூன்றையும் தலைகீழாக அடுக்கிப் பார்த்துக் களைத்துப்போவார். நாம் அப்படியே வாசித்துவிட்டுப் போகலாம்.

பார்த்துப் போக வேண்டிய இரண்டு மூன்று இடங்களும் உண்டு. மே, தே இரண்டும் என்னை–எனக்கு, உன்னை–உனக்கு என்று இரட்டை வேலை செய்யும். படர்க்கையில்தான் லோ, லா ஒரு பக்கமும் லே மறுபக்கமும் பிரியும். ஸ்பெயினின் சில பகுதிகளில் ஆணைக் குறிக்கும்போது லோ சொல்ல வேண்டிய இடத்திலும் லே என்பார்கள், அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். 'லே'யும் 'லோ'வும் அடுத்தடுத்து வந்தால் 'லே' 'சே' ஆகிவிடும்: 'சே லோ தி', அவருக்கு அதைக் கொடுத்தேன். உடன்பாட்டுக் கட்டளையில் வரிசை புரண்டு எல்லாம் வினையின் வாலில் ஒட்டிக்கொள்ளும். 'தாமெலோ' என்ற ஒரே சொல்லுக்குள் கொடு, எனக்கு, அதை மூன்றும் இருக்கின்றன. கொன்சுவேலோ வெலாஸ்கெஸின் 'பேசமே மூச்சோ' பாட்டின் தலைப்பில் இருக்கும் 'மே'யும் இப்படி ஒட்டிக்கொண்ட 'என்னை'தான்.

எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை வேறு. 'படம் பார்த்தேன்' என்கிறோம். 'மரியா பார்த்தேன்' என்று யாராவது சொல்வோமா? 'மரியாவைப் பார்த்தேன்' என்றுதான் சொல்ல வேண்டும். பொருளுக்கு ஐ உருபு இல்லாமல் போனாலும் மன்னிப்பு உண்டு, அதற்கு இரண்டாம் வேற்றுமைத் தொகை என்று பெயரே வைத்திருக்கிறோம். மனிதர் என்றால் உருபு தவறக்கூடாது. ஸ்பானிஷிலும் படத்தைப் பார்த்தால் 'வி லா பெலிகுலா', மரியாவைப் பார்த்தால் 'வி ஆ மரியா'. நடுவில் நுழைந்த அந்த 'ஆ', மனிதருக்கென்று வைத்த அடையாளம். உயர்திணை, அஃறிணை என்று உலகத்தைப் பிரித்த மொழிக்காரர்கள் நாம். ஐபீரியத் தீபகற்பத்தில் வளர்ந்த ஒரு மொழியும் மனிதரைத் தொடும்போது மட்டும் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்கிறது என்பதை நினைக்க நினைக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. இரண்டு மொழிகளுக்கும் உறவு கிடையாது, ஒன்று மற்றொன்றிடம் கடன் வாங்கவும் இல்லை.

உடம்பும் மனசும் சம்பந்தப்பட்ட வாக்கியங்களில் இந்த நெருக்கம் கூடும். 'மே துவேலே லா கபேசா': எனக்குத் தலை வலிக்கிறது. வலியை நான் செய்யவில்லை, அது எனக்கு நேர்கிறது. காபி பிடிக்கும் என்பதற்கு 'மே குஸ்தா எல் கஃபே'. ஆனால் இங்கே தமிழை முழுக்க நம்பிப் போனால் சறுக்கும். நம் 'பிடிக்கும்' எதற்கும் அசையாது. ஒரு பூ பிடித்தாலும் பல பூக்கள் பிடித்தாலும் உன்னைப் பிடித்தாலும் 'பிடிக்கும்'தான், பிடித்தது எதுவோ அது ஐ உருபை ஏற்கும் இடத்தில்தான் நிற்கும். ஸ்பானிஷில் பிடித்த பொருளே எழுவாய், வினை அதற்கு இசைந்து மாறும். பூக்கள் என்றால் 'மே குஸ்தான்', நீ என்றால் 'மே குஸ்தாஸ்'. இன்னொன்று, பசி. 'எனக்குப் பசிக்கிறது' என்ற அச்சில் போய் நின்றால் கதவு திறக்காது. ஸ்பானிஷ்காரர் 'தெங்கோ ஆம்ப்ரே', பசியை வைத்திருக்கிறேன், என்கிறார். தலைவலி நேர்கிறது, பசி கையில் இருக்கிறது. ஏன் இப்படி என்று கேட்காமல் கேட்டுப் பழகிக்கொள்வதுதான் வழி.

"புத்தகம் படிச்சியா?" "படிச்சேன்." இந்தப் பதிலில் நாம் எழுவாயையும் விட்டோம், செயப்படுபொருளையும் விட்டோம். ஸ்பானிஷ்காரர் எழுவாயை விடுவார், 'அதை' என்பதை விடமாட்டார். 'லோ லெயி', அதைப் படித்தேன். சென்னைப் பிள்ளைகள் இந்த 'லோ'வைத்தான் அதிகம் தவறவிடுவார்கள். நம் மௌனம் அவ்வளவு பெரியது.

மரியாதைக்கு அங்கே 'தூ', 'உஸ்தெத்' என்று இரண்டு. அர்ஜென்டினாவில் 'தூ' இருக்கும் இடத்தில் 'வோஸ்'. 'உஸ்தெத்', 'உமது கருணை' என்று பெரியவர்களை அழைத்த 'வுவேஸ்த்ரா மெர்செத்' தேய்ந்து வந்தது. அதனால்தான் எதிரே நிற்பவரிடம் பேசும்போதும் வினை படர்க்கையிலேயே இருக்கிறது, 'ஐயா என்ன சொல்றார்' என்று ஐயாவிடமே கேட்பதைப் போல. நம்மிடம் நீ, நீர், நீங்கள், தாங்கள் என்று படிகள் அதிகம்.

தன்மைப் பன்மையிலும் ஸ்பானிஷ் நம்மைவிட ஏழை. 'நோசோத்ரோஸ்' என்றால் நாமும்தான், நாங்களும்தான். நாம், நாங்கள் என்ற பிரிவு இல்லை. ஆதம்பாக்கத்துக்காரர் ஒருவர் 'எங்க வீட்டுக்கு வாங்க' என்பதற்கும் 'நம்ம வீட்டுக்கு வாங்க' என்பதற்கும் எவ்வளவு தூரம்! இரண்டாவதில் வீடு அவருடையதுதான், ஆனால் அழைக்கும்போதே விருந்தாளியையும் வீட்டுக்காரராக்கிவிட்டார். தெலுங்கில் மேமு, மனம் என்றும் மலையாளத்தில் ஞங்ஙள், நம்மள் என்றும் இந்தப் பிரிவு இருக்கிறது. நம்மிடம் முன்பு இது வினை விகுதியிலும் இருந்தது: அம், ஆம் வந்தால் எதிரே இருப்பவரும் சேர்த்தி, எம், ஏம், ஓம் வந்தால் அவர் சேர்த்தியில்லை என்று நன்னூலில் பவணந்தியார் பிரிக்கிறார். இன்று பேச்சில் மிஞ்சியது 'ஓம்' மட்டும், அதுவே இரண்டுக்கும். 'வந்தோம்' என்று நிறுத்தினால் நாமா நாங்களா என்பது தெரியாது. அதனால் மற்ற இடங்களில் எளிதாக உதிரும் எழுவாய், இங்கே வேண்டியிருக்கிறது.

ஸ்பானிஷ்காரர்கள் இந்தப் பிரிவைச் சந்தித்தது தென் அமெரிக்காவில். இன்காக்களின் மொழியான கெச்சுவாவுக்கு தொமிங்கோ தெ சாந்தோ தொமாஸ் என்ற துறவி எழுதிய இலக்கணம் 1560இல் வாயதோலிதில் அச்சானது. கேட்பவரைச் சேர்க்கும் 'நாம்', சேர்க்காத 'நாங்கள்' என்ற பிரிவை ஐரோப்பியர் ஒருவர் முதலில் விளக்கியது அதில்தான் என்கிறார்கள். இதன் நேரடி விளைவு ஜெபத்தில் தெரியும். கடவுளைத் தந்தை என்று அழைக்கும் கிறிஸ்தவ ஜெபத்தில் ஸ்பானிஷுக்கு ஒரே சொல்தான் இருந்தது. கெச்சுவாவில் கேட்பவரைச் சேர்க்காத வடிவத்தைப் போட்டார்கள். தமிழிலும் 'எங்கள்' என்றே சொல்கிறோம், ஏனென்றால் பேசுவது அவரிடம். 1523இல் போர்த்துகீசியர் ஆதம்பாக்கத்தை ஒட்டிய பரங்கிமலை உச்சியில் தேவாலயம் கட்டினார்கள். அவர்களுடைய மொழி ஸ்பானிஷுக்குத் தங்கை, அதிலும் தன்மைப் பன்மை ஒன்றுதான். அந்த மலையில் தமிழில் ஜெபிப்பவர்களுக்கு இன்றும் 'எங்கள்', 'நம்' இரண்டும் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

ஸ்பானிஷ் படமோ தொடரோ பார்க்கும்போது இதை வைத்து ஒரு பயிற்சி செய்யலாம். 'வாமோஸ்' என்ற சொல் அடிக்கடி வரும். போகிறோம் என்றும் பொருள், போகலாம் வாங்க என்றும் பொருள். அந்தச் சொல் வரும் நேரத்தில் வசன வரியை விட்டுவிட்டு, சொல்பவர் யாரைப் பார்த்துச் சொல்கிறார், அந்த அறையில் யார் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கிறார், யார் எழுந்திருக்கவில்லை என்று பாருங்கள். அங்கே சொல்லப்பட்டது நாமா நாங்களா என்று உடனே தெரியும்.